மரப்பொந்தில் பிறந்த வரிக்கொசு

இந்த எபிசோடில் நாம பார்க்கப் போறது ஒரு கொசுவோட வரலாறு. ராஜா ராணி யாரும் கிடையாது. ஆனா கல்கத்தா மியூசியம் வரும், போர்க்கால நாகசாகி வரும், டெக்சாஸ் டயர் குடோன் வரும், கேரளத்து ரப்பர் தோட்டம் வரும். எங்க அன்னூர்ப் பக்கத்து வீடுகளோட புழக்கடையில் சும்மா கிடக்கிற ஆட்டாங்கல்லும் வரும்.

முதல்ல இத்தாலிக்குப் போவோம். 2007, கோடைக்காலம். வடக்கு இத்தாலியில் ரவென்னா நகரத்துக்குப் பக்கத்தில், ஒரு ஆற்றோட ரெண்டு கரையிலும் ரெண்டு சின்னக் கிராமங்கள். ஒன்று காஸ்டிலியோனே தி செர்வியா, இன்னொன்று காஸ்டிலியோனே தி ரவென்னா. ஜூலை, ஆகஸ்ட் மாசத்தில் அங்கே ஆள் ஆளுக்குக் காய்ச்சல். கை கால் மூட்டெல்லாம் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்க முடியலை. என்ன நோய்னே உள்ளூர் டாக்டர்களுக்குப் புரியலை. கடைசியில் பரிசோதனை முடிவு வந்தது: சிக்குன்குனியா. மொத்தம் 205 பேருக்குப் பாதிப்பு. ஐரோப்பாவில் அதுவரைக்கும் இந்த நோய் உள்ளூரில் பரவினதே கிடையாது.

நோய் எங்கிருந்து வந்ததுன்னு தேடினப்போ, ஜூன் மாசம் உறவினர்களைப் பார்க்க வந்த ஒருத்தர்கிட்ட போய் நின்னுச்சு. அவர் வந்தது கேரளாவிலிருந்து.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அவர் கொண்டு போனது வைரஸை மட்டும்தான். அதைப் பரப்பிய கொசு அவருக்கு முன்னாடியே அந்த ஊருக்குப் போய்க் குடியேறி, குடும்பம் குட்டியோட இருந்தது. அதுவும் ஆசியாவோட கொசுதான். அந்தக் கொசு எப்படி இத்தாலி போச்சு? அங்கிருந்துதான் நம்ம கதை தொடங்குது.

கல்கத்தாவில் கிடைத்த பெயர்

1894. கல்கத்தாவில் இந்திய அருங்காட்சியகம் பூச்சிகளைப் பற்றிக் குறிப்புகள் வெளியிட்டு வந்த காலம். வங்காளத்தில் பிடித்த சில கொசுக்களை, ஆஸ்திரேலியாவில் சிட்னி அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஃபிரெடெரிக் ஸ்கியூஸ் என்ற பூச்சியியலாளருக்கு அனுப்பினார்கள். அவர் பார்த்தது: கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையங்கள், முதுகு நடுவில் சாக்பீஸால் இழுத்த மாதிரி ஒரே ஒரு வெள்ளைக் கோடு. 'வங்காளத்தின் வரிக்கொசு' என்று அதை அழைத்து, 'அல்போபிக்டஸ்' என்று லத்தீன் பெயரும் வைத்தார். வெள்ளை தீட்டப்பட்டது என்று அர்த்தம். இன்றைக்கு அறிவியல் உலகம் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்கிறது. ஊர் உலகம் ஆசியப் புலிக்கொசு என்கிறது.

இதோட ஒன்றுவிட்ட சகோதரி ஒன்று இருக்கு. ஏடிஸ் எஜிப்டி. டெங்கு விழிப்புணர்வு நோட்டீஸில் நீங்க பார்க்கிற படம் பெரும்பாலும் அதுதான். அதுக்கு முதுகில் ஒற்றைக் கோடு இருக்காது, யாழ் மாதிரி வளைந்த கோடுகள் இருக்கும். அது ஆப்பிரிக்கக் காட்டில் பிறந்து, கப்பல் தண்ணீர்ப் பீப்பாய்களில் உலகம் சுற்றி, வீட்டுக்குள்ளேயே வாழப் பழகிய கொசு. கட்டிலுக்கு அடியில், துணி தொங்கும் மூலையில் உட்காரும். நம்ம புலிக்கொசு அப்படி இல்லைங்க. தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தியாவிலும் காட்டு ஓரங்கள்தான் அதோட பூர்வீகம். இன்னைக்கும் செடி, புதர், மரநிழல் இருக்கிற இடம்தான் அதுக்குப் பிடிக்கும்.

காடு கற்றுக்கொடுத்த பாடம்

காட்டில் இந்தக் கொசு எங்கே முட்டை வைக்கும்? குளத்தில் வைக்காது, ஓடையிலும் வைக்காது. மரத்தில் கிளை முறிந்த இடத்தில் ஒரு பொந்து விழும், அதில் மழைத் தண்ணி ஒரு டம்ளர் நிற்கும். வெட்டிய மூங்கிலோட அடிக்கட்டையில் கொஞ்சம் நிற்கும். அந்த மாதிரி சின்னச் சின்ன இடங்கள்தான் அதோட பிரசவ அறை.

இதுல ஒரு சிக்கல் உண்டு. மரப்பொந்துத் தண்ணி நாலு வெயில் அடிச்சா வற்றிடும். அதனால பெண் கொசு முட்டையைத் தண்ணியில் போடறதில்லை. தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணி வற்றினாலும் அந்த முட்டை சாகாது. மாசக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அடுத்த மழையில் தண்ணி ஏறி முட்டையைத் தொட்டதும் பொரியும். அப்புறம் புழு, கூட்டுப்புழு, கொசு. நம்ம ஊர் வெப்பத்தில் ஏழிலிருந்து பத்து நாளில் ஒரு தலைமுறை தயார். இன்னொரு தந்திரமும் இருக்கு. எல்லா முட்டையையும் ஒரே இடத்தில் வைக்காது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று பிரிச்சு வைக்கும். ஒரு பொந்து போனாலும் வம்சம் போகாது.

கடிக்கிற நேரம் பகல். காலையிலும், சாயங்காலம் வெயில் இறங்கும்போதும் ரொம்பத் தீவிரமா இருக்கும். கடிக்கிறது பெண் மட்டும்தான், முட்டைக்குப் புரதம் வேணும்ங்கிறதுக்காக. மனுசனைப் பிடிக்கும், ஆனா ஆடு, மாடு, நாய், பறவை எது கிடைச்சாலும் விடாது. பறக்கிற தூரம் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் 200 மீட்டருக்குள்ளதான் வாழ்க்கையே முடியும்.

இந்தக் கடைசி விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. 200 மீட்டர் பறக்கிற ஒரு கொசு, கண்டம் விட்டுக் கண்டம் போயிருக்கு.

போர்க்காலத் தொட்டிகள்

ஆரம்பத்தில் இதை யாரும் பெரிசா எடுத்துக்கலை. 1930-ஐ ஒட்டிய வருடங்களில் மணிலாவில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவர்கள், தாங்களே முன்வந்த சிப்பாய்களைக் கொசுக்கடிக்கு உட்படுத்தி ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். எஜிப்டி மாதிரியே அல்போபிக்டஸாலும் டெங்குவைப் பரப்ப முடியும் என்று நிரூபணமானது.

அது ஆய்வகம். நிஜ உலகில் அது நடந்தது ஜப்பானில். இரண்டாம் உலகப் போர் நேரம். தெற்கு ஆசிய, பசிபிக் கடற்பகுதிகளிலிருந்து திரும்பிய கப்பல்களில் டெங்கு வந்து இறங்கியது. நாகசாகி, சசெபோ, ஹிரோஷிமா, கோபே, ஒசாகா என்று துறைமுக நகரங்களில் 1942-லிருந்து அடுத்தடுத்த கோடைகளில் டெங்கு பரவியது. சுமார் 2 லட்சம் பேர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. குளிர்நாடான ஜப்பானில் எப்படி? விமானக் குண்டுவீச்சில் தீப்பிடித்தால் அணைக்க, வீதிக்கு வீதி தண்ணீர்த் தொட்டி கட்டி வைத்திருந்தார்கள். புலிக்கொசுவுக்கு அது வரிசையா அடுக்கி வெச்ச மரப்பொந்து. இந்தக் காய்ச்சலின்போதுதான், 1943-ல், ரென் கிமுராவும் சுசுமு ஹோட்டாவும் நாகசாகி நோயாளிகளின் ரத்தத்திலிருந்து டெங்கு வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள்.

போர் முடிந்தது, தொட்டிகள் போயின, டெங்குவும் போனது. ஆனா கொசு போகலை. 2014-ல் டோக்கியோவின் யோயோகி பூங்காவில் மறுபடியும் டெங்கு வந்தது. அந்தத் தடவையும் இதே கொசுதான்.

நம்ம கண்ணில் ஏன் படவில்லை?

சரி, இந்தியாவில் பெயர் வாங்கிய கொசுவை இந்தியாவே ஏன் கவனிக்கலை? காரணம் மலேரியா.

நம்ம பகுதியிலிருந்தே பார்க்கலாம். அன்னூரிலிருந்து வடமேற்கே பார்த்தா நீலகிரி மலை. அதுக்கு அந்தப் பக்கம் சீகூர். 1897-ல் ஊட்டிக்கு விடுப்பில் வந்த ரொனால்ட் ராஸ், காய்ச்சலை ஆராய சீகூர் மலைச்சரிவுக்கு இறங்கினார். ஆராயப் போனவருக்கே மலேரியா வந்து படுத்தார். அதே வருடம் ஆகஸ்ட் 20-ஆம் தேதி செகந்தராபாத்தில், அனாஃபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து இந்தியாவில் கொசு என்றாலே அனாஃபிலிஸ்தான்.

அந்தப் பயம் நியாயமானது. 1947-ல் ஆண்டுக்கு ஏழரைக் கோடி பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பிட்டார்கள். 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாகப் போய்ச் சுவரில் டிடிடி அடித்தார்கள். அனாஃபிலிஸ் ராத்திரி வீட்டுக்குள் வந்து கடிக்கும், கடிச்சுட்டுச் சுவரில் உட்காரும். அதனால சுவரில் மருந்து இருந்தா சாகும். திட்டம் வேலை செய்தது. 1960-களின் நடுவில் நோயாளிகள் எண்ணிக்கை ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. பிறகு அது மறுபடி ஏறியது தனிக் கதை.

ஆனா யோசிச்சுப் பாருங்க. பகலில் கடிக்கிற, வெளியே கடிக்கிற, புதரில் ஓய்வெடுக்கிற ஒரு கொசுவை வீட்டுச் சுவரில் அடிக்கிற மருந்து என்ன செய்யும்? கொசு ஒழிப்புன்னா இதுதான் என்று ரெண்டு தலைமுறைக்கு நம்ம மனசில் பதிந்த எல்லாமே ராத்திரிக் கொசுவுக்காக உருவானது. கொசுவலை, சுவர் மருந்து, ஏழு மணிக்கு ஜன்னலைச் சாத்துறது, எல்லாம். புலிக்கொசு காலை ஏழு மணிக்குப் பூப்பறிக்கிற கையைக் கடிச்சுட்டுப் போயிடும்.

டயரில் ஏறிய கொசு

இப்ப அந்த 200 மீட்டர் புதிருக்கு வருவோம். விடை: பழைய டயர்.

டயரைப் போட்டு வைங்க, மழை பெய்யட்டும். உள்வளைவில் தண்ணி நிற்கும், வெளிச்சம் படாது, காற்றுப் படாது, சருகு விழுந்து ஊறும். ரப்பரில் செஞ்ச மரப்பொந்து. எப்படிக் கவுத்தாலும் கொஞ்சம் தண்ணி உள்ளே தங்கும். அந்தத் தண்ணியே வற்றினாலும் ஒட்டின முட்டை காய்ந்த நிலையில் கப்பலேறும்.

1979-ல் அல்பேனியாவில் இந்தக் கொசு கண்டுபிடிக்கப்பட்டது. ஆசியாவுக்கு வெளியே அது குடியேறியதாக வந்த ஆரம்பகாலச் செய்திகளில் ஒன்று. 1985-ல் டெக்சாஸின் ஹூஸ்டன் பகுதியில், ரீட்ரெட் செய்ய ஆசியாவிலிருந்து இறக்குமதியான பழைய டயர்களோடு சேர்ந்து வந்தது. ஆராய்ந்தப்போ, அது வெப்பமண்டலக் கொசு இல்லை, வட ஆசியாவின் குளிர்தாங்கி வகை என்று தெரிந்தது. நாள் குறுகுவதை வைத்துக் குளிர்காலம் வருவதை உணர்ந்து, முட்டைக்குள்ளேயே தூங்கிவிடும் வகை. அமெரிக்கக் குளிர் அதை ஒன்றும் செய்யலை. இன்னைக்கு அங்கே பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இருக்கு. 1990-ல் இத்தாலியின் ஜெனோவா. அங்கும் பழைய டயர் வியாபாரம்தான் வழி. 2001-ல் கலிஃபோர்னியாவுக்கு வந்த வழி இன்னும் வேடிக்கை. நம்ம ஆபீஸ் மேஜையில் தண்ணிக் கிளாஸில் நிக்குமே 'லக்கி பேம்பூ', அது கப்பலில் தண்ணியோடு வந்தப்போ கூடவே வந்தது.

ஆக, இத்தாலியில் கொசு ரெடி. வைரஸ் மட்டும்தான் பாக்கி.

ஒரே ஒரு எழுத்து மாறியது

சிக்குன்குனியா முதலில் அடையாளம் காணப்பட்டது 1952-53-ல், இன்றைய தான்சானியாவில். அங்கே பேசும் மக்கொண்டே மொழியில் அந்தச் சொல்லுக்கு 'வளைந்து போனது' என்று பொருள். மூட்டு வலியில் ஆள் கூனிப் போவதால் அந்தப் பெயர். கோழிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. 2006-ல் பேரைக் கேட்டுட்டு சிக்கனை ஒதுக்கியவர்கள் நம்ம ஊரில் நிறைய உண்டு.

இந்தியாவுக்கு இது புதுசும் இல்லை. 1963-ல் கல்கத்தா, 1964-ல் சென்னை, வேலூர், பாண்டிச்சேரி என்று ஒரு சுற்று சுற்றியது. 1973-ல் மகாராஷ்டிராவின் பார்சியில் ஒரு தடவை. அதோட முப்பது வருடத்துக்கு மேல் பேச்சே இல்லை.

2004-ல் கென்யாவில் மறுபடி கிளம்பியது. இந்தியப் பெருங்கடல் தீவுகள் வழியா 2005-ல் ரீயூனியன் தீவுக்கு வந்தது. நம்ம தமிழ் முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தீவு அது. அங்கே எஜிப்டி ரொம்பக் குறைவு. இருந்தது புலிக்கொசு. சிக்குன்குனியா வைரஸ் புலிக்கொசுவின் உடம்பில் அவ்வளவு நல்லா வளராது என்பதுதான் பழைய கணக்கு. ஆனா 2006 தொடக்கத்தில் நோய் வெடித்தது. தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 2 லட்சத்து 66 ஆயிரம் பேர், படுத்தார்கள்.

விஞ்ஞானிகள் வைரஸைப் பிரித்துப் பார்த்தார்கள். அதன் மேலுறைப் புரதத்தில் 226-ஆம் இடத்தில் அலனின் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருந்தது. ஒரே ஒரு அமினோ அமிலம். ஒரு வாக்கியத்தில் ஒரு எழுத்து மாறுகிற மாதிரி. அந்த மாற்றத்தால் வைரஸ் புலிக்கொசுவுக்குள் பல மடங்கு சுலபமாகப் புகுந்து பெருகியது.

அதே 2006-ல் இந்தியாவிலும் நோய் பரவி, நாடு முழுக்க சுமார் 14 லட்சம் பேருக்கு இருக்கலாம் என்று பதிவானது. அந்த வருடம் இங்கே இருந்த வைரஸில் இந்த மாற்றம் இல்லை. 2007-ல் கேரளாவில் எடுத்த வைரஸில் இருந்தது. ரீயூனியனிலிருந்து வந்தது இல்லை. அதே மாற்றம், இன்னொரு இடத்தில், தனியாக நடந்தது. காரணம் என்னன்னா, ரெண்டு இடத்திலும் வைரஸுக்குக் கிடைத்த வண்டி ஒன்றே. மத்திய கேரளத்தின் ரப்பர் தோட்டங்கள். ஒவ்வொரு மரத்திலும் பால் பிடிக்க ஒரு கொட்டாங்குச்சி அல்லது பிளாஸ்டிக் கப். மழைக்காலத்தில் பால் வெட்டு நிற்கும், கப் மரத்திலேயே நிற்கும், தண்ணி நிறையும். தோட்டம் முழுக்க, மரத்துக்கு ஒரு பொந்து.

அந்தக் கேரளத்திலிருந்துதான் 2007 ஜூனில் ஒருவர் இத்தாலி போனார். காட்டுக்கொசுவுக்கு ஏற்ற மாதிரி மாறிய வைரஸ், டயரில் ஏறிப் போயிருந்த அதே காட்டுக்கொசுவை அங்கே சந்தித்தது.

அன்னூரில் காடு எங்கே இருக்கு?

இதைக் கேட்கிற கோயம்புத்தூர், திருப்பூர், சென்னை நண்பர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். காட்டுக்கொசுன்னு சொல்றீங்க, அன்னூரில் ஏது காடு?

அன்னூர் கோவையிலிருந்து சத்தியமங்கலம் போற ரோட்டில், சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கு. மலையின் மழை மறைவுப் பகுதி. சோளம், கம்பு, நிலக்கடலை, பருத்தின்னு மானாவாரியும் கிணற்றுப் பாசனமும் கலந்த பூமி. நிலத்தடித் தண்ணி கீழே போகப் போக, ஆயிரம் அடிக்கு போர் போட்டும் புகை வந்த தோட்டங்கள் உண்டு.

தண்ணிப் பஞ்ச ஊரில் என்ன நடக்கும்? தண்ணியைச் சேர்த்து வைப்போம். குழாய்த் தண்ணி பல நாளுக்கு ஒரு தடவை வரும் என்றால் டிரம், சிமென்ட் தொட்டி, குடம், அண்டா எதையும் விடமாட்டோம். டெங்குவுக்கும் வறட்சிக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைக்கிறோம். உண்மையில் மழையும் கொசுவை வளர்க்கும், தண்ணிப் பஞ்சமும் வளர்க்கும். வீட்டுக்குள் இருக்கிற டிரம் எஜிப்டிக்கு. வெளியே தோட்டத்தில் கிடக்கிறதெல்லாம் புலிக்கொசுவுக்கு. தென்னந்தோப்பில் விழுந்து கிடக்கும் பாளை, எலி கடிச்ச தேங்காய், இளநி குடிச்சுப் போட்ட கூடு, வாழை இலையிடுக்கு, சாளையோரத்தில் வேலிக்கு முட்டுக்கொடுத்த டயர். அப்புறம் மிக்ஸி, கிரைண்டர் வந்த பிறகு புழக்கடைக்குத் தள்ளின ஆட்டாங்கல். நடுவில் குழி, கல்லில் ஈரம், மேலே முருங்கை நிழல். இதைவிட நல்ல மரப்பொந்து எந்தக் காட்டில் கிடைக்கும்?

இன்னொரு பயத்தையும் தீர்த்துடறேன். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் நடைமுறைக்கு வந்து, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணி விடும் ஏற்பாடு ஆனது. 60 வருடத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு வந்த தண்ணி. 'குளம் நிறைஞ்சா டெங்கு வரும்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஏடிஸ் கொசு குளத்தில் வளராது. மீனும் அலையும் இருக்கிற விரிந்த தண்ணி அதுக்கு ஆகாது. குளத்தைத் திட்டிட்டு வீட்டுக்கு வந்தா, மொட்டைமாடியில் மூடியில்லாத டேங்க் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

2012-ல் தமிழ்நாட்டில் 12 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு, 66 சாவு என்று அரசுக் கணக்கு. 2017-ல் 23 ஆயிரத்துக்கு மேல், 65 சாவு. நகரங்களில் முக்கியக் குற்றவாளி எஜிப்டிதான். ஆனா ஊரும் தோப்பும் கலக்கிற விளிம்புகளில் புலிக்கொசுவின் பங்கு கூடுகிறது. கோவை வளர்ந்து அன்னூர் ரோட்டில் வந்துகொண்டே இருக்கு. தோப்புக்கு நடுவில் சைட், சைட்டுக்கு நடுவில் தோப்பு. ரெண்டு கொசுவும் ஒரே தெருவில் வாழ ஏற்ற இடம் அதுதான்.

புகை போதுமா?

காய்ச்சல் வந்ததும் நாம எதிர்பார்க்கிறது புகை வண்டி. சத்தமா வரும், தெரு முழுக்க வெள்ளையா மூடும், ஏதோ நடக்குதுன்னு ஒரு திருப்தி. பரவல் உச்சத்தில் இருக்கும்போது, நோய்க்கிருமியோடு பறக்கிற கொசுவைக் குறைக்க அதுக்கு ஒரு பங்கு உண்டு. ஆனா புகை முட்டையைத் தொடாது, தண்ணிக்குள் இருக்கிற புழுவைத் தொடாது, அடர்ந்த புதருக்குள் முழுசாப் போகாது. ஒரு வாரத்தில் அடுத்த செட் பறந்து வரும்.

பலன் தருவது பார்க்கச் சாதாரணமான வேலை. வாரம் ஒரு நாள், தேங்கிய தண்ணியைக் கொட்டி, பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்ச்சுக் கழுவறது. தேய்க்கிறது ரொம்ப முக்கியம், ஏன்னா முட்டை சுவரில் ஒட்டியிருக்கு. வாரம் ஒரு நாள் என்பதும் கணக்குதான், அதோட ஒரு தலைமுறை ஏழு முதல் பத்து நாள்.

கொட்ட முடியாத தண்ணிக்கு அபேட் மருந்து. இல்லைன்னா பிடிஐ. இது ஒரு பாக்டீரியா. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்து மிதந்த ஒரு குட்டையில் கிடைத்தது. கொசுப்புழு தின்றால் குடல் சிதைந்து சாகும், மீனுக்கோ ஆட்டுக்கோ ஒன்றும் ஆகாது. 1975-ல் தொடங்கிய புதுச்சேரியின் நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், தனக்கென ஒரு பிடிஐ வகையை உருவாக்கித் தயாரிப்பு நிறுவனங்களுக்கும் கொடுத்திருக்கு.

அடுத்ததுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. 1924-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் கொசுவின் உடம்புக்குள் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். வோல்பாக்கியா. நம்ம புலிக்கொசுவின் உடம்பில் அது இயற்கையாகவே இருக்கு. எஜிப்டிக்கு இயற்கையில் கிடையாது. புலிக்கொசுவிலிருந்து எடுத்த ஒரு வகையை எஜிப்டிக்குள் ஏற்றினால், எஜிப்டியால் டெங்குவைச் சரியாகப் பரப்ப முடியாமல் போகுது. பழ ஈயிலிருந்து எடுத்த இன்னொரு வகையை வைத்து இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடத்திய பெரிய சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. 2022-ல் புதுச்சேரி மையமும் இப்படி வோல்பாக்கியா ஏற்றிய எஜிப்டிக் கொசு வகைகளை உருவாக்கியதாக அறிவித்தது. காட்டுக்கொசுவையே கட்டுப்படுத்த சீனாவின் குவாங்சோவில், வோல்பாக்கியாவும் கதிர்வீச்சும் சேர்த்து மலடாக்கிய ஆண் கொசுக்களை விட்டு, ரெண்டு தீவுகளில் ஏறக்குறைய ஒழித்தே காட்டினார்கள். 2019-ல் அது வெளியானது.

ஆனா அதெல்லாம் அன்னூருக்கு வர்ற வரைக்கும் நம்மகிட்ட இருக்கிறது ஆட்கள்தான். வீட்டு வாசலில் டார்ச்சோடும் ஒரு குட்டி மருந்து டப்பாவோடும் நிற்கிற டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள். பெரும்பாலும் பெண்கள், தினக்கூலி அல்லது ஒப்பந்த வேலை. டெங்கு செய்தியில் வரும்போது ஆள் எடுப்பாங்க, செய்தி அடங்கினதும் குறைப்பாங்க. இந்தக் கொசுவோட வரலாறு முழுக்கப் பார்த்தோமே, அது ஜெயிச்சது வேகத்தால் இல்லை, பொறுமையால். முட்டை மாசக்கணக்கில் காய்ந்து கிடந்து மழைக்குக் காத்திருக்கும். அதை எதிர்க்கிற வேலையும் நோய் இல்லாத மாசங்களில் நடக்கணும். சீசன் வேலையா நடத்தினா ஜெயிக்கிறது கொசுதான்.

பல வீடுகளில் அவங்களைக் கேட்டுக்கு வெளியவே நிறுத்தி, 'இங்க ஒண்ணும் இல்லைங்க' என்று அனுப்பிடறாங்க. கேட்டட் கம்யூனிட்டியில் செக்யூரிட்டியே அனுப்பிடறார். அடுத்த தடவை வந்தா உள்ளே கூட்டிட்டுப் போங்க. பின்பக்கம் வரைக்கும் கூடவே நடங்க. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டு, மணி பிளான்ட் பாட்டில், ஏசி தண்ணி பிடிக்கிற பக்கெட், மாடியில் போட்ட பழைய டயர், ஊரில் பாட்டி வீட்டு ஆட்டாங்கல் எல்லாத்தையும் காட்டுங்க. ஆட்டாங்கல்லைத் தூக்கிப் போட வேண்டாம். குழியில் மண்ணை நிரப்பி ஒரு துளசி வைங்க, போதும்.

இந்த எபிசோட் பற்றி உங்க ஊர் அனுபவம் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்ங்க.